மூன்றாம் கட்டம் காலி

கல்லூரி கம்ப்யூட்டர் லேப்பில் ஒரே ஒரு மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது, அதுவும் செண்பகவல்லியின் தலைக்கு மேலே இல்லை, இரண்டு வரிசை தள்ளி, ஆளில்லாத நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது, எழுந்துபோய் அங்கே உட்காரலாம்தான், ஆனால் அங்கே பதினாலாம் நம்பர் இருக்கிறது, பதினாலாம் நம்பர் ஜெபக்கனியின் இடம், ஜெபா இல்லாத நேரத்திலும் அது ஜெபாவின் இடம்தான், நாற்காலி முதுகில் ரெக்சின் கிழிந்த இடத்தில் அவள் ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்திரி அப்படியே இருக்கிறது, வியர்த்தால் வியர்த்துவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை, அரை நாள், மணி பதினொன்றேகால். கோவில்பட்டி வெயில் ஜன்னல் கம்பியை ஐந்தாகப் பிரித்துத் தரையில் போட்டிருந்தது. மாசிலாமணி சார் டீக்குப் போகுமுன் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னது இன்னும் காதில் இருந்தது, “அதாவது செண்பகா, என்ன சொல்ல வாறேன்னா, அதாவது, ஒன்றரைக்குள்ள பிரின்ஸ்பால் டேபிள்ல லிஸ்ட் இருக்கணும். வியாழக்கெழம மத்தியானம் யாரு யாரு எந்த சீட்ல, எப்ப உள்ள வந்தா, எப்ப வெளிய போனா. அழகா, கட்டம் கட்டமா. மெஷின் கக்குறத அப்படியே கொண்டுபோனா என் மூஞ்சிலயே எறிவாரு. கூத்து காட்டுனவன் கூத்து முடியிற வரைக்கும் பாப்பான்லா? எல்லாரும் ஓடுன பெறகும் எவன் உக்காந்திருந்தானோ அவன்தான். கடைசியா வெளிய போனது யாருன்னு பாரு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன். செவ்வாக்கெழம கம்பெனிக்காரங்க திரும்ப வாராங்க, அவன் மட்டும் இன்டர்வியூல உக்காரக் கூடாது. நீ பாவம், உள்ள பேக்கப் எடுத்துக்கிட்டிருந்த, ஒனக்கென்ன தெரியும்.” அவர் செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்ததும் அவள் அதை முதலிலிருந்து கடைசிவரை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், அதே மூச்சு, அதே இடத்தில் மூக்கை உறிஞ்சல், அதே ‘அதாவது’, அச்சு அசல், மாசிலாமணி சாரின் பெண்டாட்டி கேட்டிருந்தால் காப்பி ஆற்றியிருப்பாள். முப்பத்தொரு நாற்காலிகளும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தன. மூலையில் யுபிஎஸ் மட்டும் பீப் என்றது. அவளும் பீப் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அது மறுபடி பீப் என்றது. நேற்று மத்தியானத்திலிருந்து இதுதான் அவளோடு நடந்த நீண்ட உரையாடல்.

வேலையைப் பார்ப்போம். வேலை பெரிய வேலை இல்லை, ஆறு வரி. லாஸ்ட் என்ற கட்டளைக்கு இங்கிலீஷில் நாலே எழுத்து, தட்டினால் போதும், சர்வருக்குள் யார் வந்தார், எந்த மெஷினிலிருந்து வந்தார், எப்போது வந்து எப்போது போனார் என்று திரை நிறையக் கொட்டிவிடும், புதுசு மேலே பழசு கீழே, மூச்சுவிடாமல், பஸ் ஸ்டாண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கால் அறிவிக்கிற ஆள் மாதிரி, எட்டயபுரம் விளாத்திகுளம் அருப்புக்கோட்டை மதுரேஏஏ, அந்தக் குரலிலேயே அவள் இரண்டு வரி வாசித்தாள், சீட் பதினொண்ணு சீட் பன்னெண்டு வியாழன் நவம்பர் இருபதேஏஏ. நடுநடுவே ரீபூட் என்று ஒரு பெயர் வரும், அப்படி ஒரு மாணவன் கிடையாது, கரண்ட் போய் மெஷின் திரும்ப எழுந்ததை மெஷின் அப்படிக் குறித்துக்கொள்கிறது, முதல் வருஷத்தில் ஒருநாள் அட்டென்டன்ஸ் முடிந்ததும் அவள் சார் குரலில் “ரீபூட்” என்று கூப்பிட்டு, தூக்கக் கலக்கக் குரலில் அவளே “உள்ளேன் ஐயா” என்று சொன்னாள், வகுப்பு உருண்டது, ஜெபா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள், வந்து உட்கார்ந்ததும் மறுபடி விக்கல். அந்த விக்கலையும் அவளுக்குச் செய்யத் தெரியும். செய்யவில்லை. இந்தக் கொட்டலை ஒழுங்குபடுத்தத்தான் ஆக் என்கிற சின்னக் கருவி, ஒரு வரியைக் கையில் கொடுத்தால் இடைவெளி எங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வெட்டித் துண்டு போட்டுவிடும், இறைச்சிக் கடைக்காரர் மாதிரி, முதல் துண்டுக்குப் பெயர் டாலர் ஒன்று, அடுத்தது டாலர் இரண்டு, இப்படியே. டாலர் ஒன்று ஆள். டாலர் மூன்று இருக்கை. டாலர் ஏழு வந்த நேரம். டாலர் ஒன்பது போன நேரம். இடைவெளி ஒன்றாக இருந்தால் என்ன, ஒன்பதாக இருந்தால் என்ன, அதற்கு ஒரே வெட்டுதான். வேண்டியதை எடுத்து, தலைப்புப் போட்டு, போன நேரப்படி வரிசைப்படுத்து, முடிந்தது. பதினைந்து நிமிஷ வேலைக்கு அவள் இரண்டு மணி நேரம் வாங்கியிருந்தாள். எதற்கு வாங்கினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வருவதற்குள் அடுத்த வரியை அடித்தாள்.

வியாழக்கிழமை இரண்டு பதினேழு. அந்த நேரத்தை நினைத்தாலே வயிற்றுக்குள் ஒரு சிரிப்பு முதலில் வந்துவிடுகிறது, வெட்கங்கெட்ட சிரிப்பு, பயம் அதற்குப் பின்னால்தான் மூச்சிரைக்க ஓடிவருகிறது. லேப்பின் கோடியில் கண்ணாடி போட்ட சர்வர் அறை, உள்ளே அவள், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது, சதவீதம் நத்தையாக ஏறுகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பத்தொரு முதுகுகள். சர்வரிலிருந்து ஒரே அடியில் எல்லாத் திரைகளுக்கும் செய்தி அனுப்பலாம், அனுப்பியவர் பெயர் தெரியாமல் அனுப்ப நிர்வாகிக்கு ஒரு வழி உண்டு, சார் பேக்கப்புக்காக அந்த உரிமையை அவளுக்கும் கொடுத்திருந்தார். விரல்கள் அவளைக் கேட்கவே இல்லை. ‘மாணவச் செல்வங்களே! புயல் எச்சரிக்கை காரணமாக இன்று பிற்பகல் கல்லூரிக்கு விடுமுறை. குடை கொண்டுவராதோர், குடை கொண்டுவந்தோரை மதித்து நடக்கவும். மின்விசிறிகளை அணைத்துவிட்டுச் செல்வது நாட்டுக்குச் செய்யும் தொண்டு.’ பிரின்ஸ்பால் அப்படித்தான் பேசுவார், தாகமாக இருக்கிறது என்பதைக்கூட நாட்டோடு சேர்த்துத்தான் சொல்வார். வெளியே வானம் கழுவிவைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது, புயலாவது மண்ணாவது, கேட் வரைக்கும் போவார்கள், வாட்ச்மேன் மறிப்பார், அசடு வழியத் திரும்பி வருவார்கள், நான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கைதட்டுவேன், இதுதான் கணக்கு. வாட்ச்மேன் மறிக்கவில்லை. “புயலாம்லா, சூதானமா போங்க” என்று கேட்டை அகலத் திறந்துவிட்டாராம். மின்விசிறிகளை வேறு எல்லோரும் ஒழுங்காக அணைத்துவிட்டுப் போனார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வெள்ளிக்கிழமை வருவதாக இருந்த கம்பெனிக்காரர்கள் வியாழன் மூன்று மணிக்கே வருகிறார்கள் என்ற நோட்டீஸை ஆபீஸ்காரர் ஒன்றரைக்குத்தான் போர்டில் குத்தியிருந்தார், யாரும் பார்த்திருக்கவில்லை, அவளும் பார்த்திருக்கவில்லை, சத்தியமாகப் பார்த்திருக்கவில்லை. மூன்று மணிக்கு டை கட்டிய இரண்டு பேர் வந்து நின்றபோது அந்த வகுப்பில் மிஞ்சியது ஐந்து ஹாஸ்டல் பையன்களும் அவளும். ஆறு பேரையும் உட்காரவைத்துத் தேர்வு நடத்தி, இரண்டு பேர் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டில் ஒன்று செண்பகவல்லி.

அந்த ஆறு வரி ஸ்கிரிப்ட்டை ஓட்டினாள். முப்பத்தொரு வரிகள் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி நேராக நின்றன, ஆள், இருக்கை, கிழமை, மாதம், தேதி, வந்தது, போனது. கடைசியில் ஒரே ஒரு வரி கோணல். செண்பகவல்லி, இருக்கை வியாழன், கிழமை நவம்பர், மாதம் இருபது, தேதி பதினாலு ஒன்பது, மெஷினுக்கு மத்தியானம் இரண்டு மணி என்றால் பதினாலு, வந்த நேரம் ஒரு சின்னக் கோடு, போன நேரம் என்ற இடத்தில் அடைப்புக்குள் நாற்பத்துமூன்று நிமிஷம். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கல்யாண மண்டப மைக் குரலை எடுத்தாள், “அன்புடையீர், இருபதாம் மாதம், நவம்பர்க் கிழமை, வியாழன் என்ற இருக்கையில்” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள், கூடத்தில் அவள் குரலே மோதித் திரும்பியது. காரணம் புரிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு சீட்டிலிருந்து சர்வருக்குள் வந்தவர்கள், மூன்றாம் கட்டத்தில் அந்த சீட்டின் நம்பர் இருக்கும். சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து அதன் கீபோர்டிலேயே தட்டியவளுக்கு எங்கிருந்து என்று ஒன்று கிடையாது, அதனால் மெஷின் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டது. மனுஷக் கண்ணுக்கு அது காலி இடம். ஆக்குக்கு அது வெறும் இடைவெளி, ஒரே வெட்டு, காலி இடம் காணாமல் போய், பின்னால் நின்றவை எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டம் முன்னால் நகர்ந்துவிட்டன. இதைச் சரிசெய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மூன்றாம் கட்டத்தில் சீட் நம்பர் இல்லாத வரியை விட்டுவிடு என்று ஒரு சின்ன நிபந்தனை, எல்லோரும் போடுவதுதான், ரீபூட் மாதிரிக் குப்பையெல்லாம் அதில்தான் ஒதுங்கும், அதோடு அவளும் ஒதுங்கிவிடுவாள். அழித்தது ஆகாது. மறைத்தது ஆகாது. ஸ்கிரிப்ட்டில் ஒரு சின்னக் குறை, அவ்வளவுதான், யார் எழுதினாலும் முதல் தடவை வருகிற குறை. போட்டுப் பார்த்தாள். கோணல் வரி போய்விட்டது. பட்டியல் அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு இருபது, இரண்டு இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்தொன்று, இருபத்திரண்டு, என்று மொத்த வகுப்பும் ஓடுகிற சத்தம் அந்த எண்களில் கேட்டது, கடைசியாக, எல்லோரும் ஓடி முடித்து எட்டு ஒன்பது நிமிஷம் கழித்து, தன்னந்தனியாக ஒரு வரி. ஜெபக்கனி, இருக்கை பதினாலு, போன நேரம் இரண்டு முப்பத்தொன்று.

அவளுக்குத் தெரியும், ஜெபா ஏன் கடைசி என்று. ஜெபா ஃபைலைச் சேமிப்பாள், மூடுவாள், சேமித்தோமா என்று திரும்பத் திறந்து பார்ப்பாள், மூடுவாள், நாற்காலியை உள்ளே தள்ளுவாள், ஞாபகம் வந்து மின்விசிறியை அணைப்பாள், வியாழக்கிழமையும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து செண்பகவல்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், போயேன்ட்டி, போயேன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே. மாசிலாமணி சாருக்கு இது தெரியாது. சாருக்குத் தெரிந்தது கடைசியாகப் போனவன்தான் கள்ளன். வியாழக்கிழமை இழந்ததை ஜெபா செவ்வாய்க்கிழமையும் இழப்பாள், கூடவே பெயரும் போகும். பீப் என்றது யுபிஎஸ். காலி இடத்தை மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவது மெஷினுக்கு மட்டும் உள்ள குணமா என்ன, நேற்று மத்தியானம் சாப்பாட்டு பெஞ்சில் ஜெபா வந்து உட்காரவில்லை, வேறு கும்பலோடு போய்விட்டாள், அவள் இடம் ஒரு நிமிஷம் காலியாக இருந்தது, அப்புறம் ஒருத்தி டிபன் பாக்ஸை நகர்த்தினாள், இன்னொருத்தி நகர்ந்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெஞ்ச் நிறைந்துவிட்டது. வீட்டிலும் அப்படித்தான். அப்பா லாரியோடு குஜராத் பக்கம் போனவர், முதலில் வாரம் ஒரு போன், அப்புறம் மாதம் ஒன்று, அப்புறம் அந்தப் பக்கமே ஒரு குடும்பம் என்று யாரோ வந்து சொன்னார்கள். அவர் படுக்கிற இடம் கதவோரம், காற்று வரும். கொஞ்ச நாள் அங்கே யாரும் பாய் போடவில்லை. பிறகு ஒரு கோடைகாலத்தில் அம்மா நகர்ந்து படுத்தாள், அம்மா இடத்துக்கு இவள், இவள் இடத்துக்குத் தம்பி. அதற்கு முன்னால் ஒருநாள், ஒன்பது வயசிருக்கும், இவள் வாசலில் நின்று அப்பா குரலில் “ஏ புள்ள, சோறு போடு, லோடு கெளம்புது” என்று கூப்பிட்டாள், அம்மா உள்ளேயிருந்து தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டாள், வந்து பார்த்துச் சிரித்தாள், “ஏட்டி, ஒன் தொண்டைல பிசாசா இருக்கு” என்று சிரித்துக்கொண்டே இருந்தாள், தட்டு கையிலேயே இருந்தது, சிரிப்பு எப்போது மாறியது என்று தெரியவில்லை, “ஆளில்லாத எடத்த நீ நெரப்பாத” என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு இவள் அப்பா குரலை எடுக்கவில்லை. மற்ற எல்லோரையும் எடுத்தாள்.

மற்ற எல்லோரையும். கண்டக்டர், பால்காரர், தேர்தல் ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குக்கர், கோவில் மைக்கில் இருமுகிறவர். வகுப்பில் எவள் வந்தாலும் “செம்பா, அந்த ஆளு மாதிரிப் பேசுட்டி” என்றுதான் ஆரம்பிப்பாள், இவள் பேசுவாள், சிரிப்பார்கள், சிரித்து முடித்ததும் அவரவர் ஜோடியோடு பேசப் போய்விடுவார்கள், பாட்டு முடிந்ததும் ரேடியோவைத் திரும்பிப் பார்க்காத மாதிரி. ஜெபா ஒருத்திதான் பாட்டு முடிந்த பிறகும் உட்கார்ந்திருப்பாள். இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் அரை மணி நேரம், செண்பகவல்லி பெங்களூர்க் கம்பெனிக்காரராக மாறி, தொண்டையைச் செருமி, இல்லாத டையைச் சரிசெய்து, நாக்கைச் சுழற்றி இங்கிலீஷில், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்பாள், ஜெபா உள்ளங்கை வியர்க்க எழுந்து நின்று சொல்வாள். என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிறார், கையில் அள்ளினால் எண்ணாமலே சரியாக இருக்கும், எனக்கு அந்தக் கை வரவில்லை, அதனால் நான் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். இவள் நாற்பது தடவையாவது கேட்டிருப்பாள், ‘சரிபார்ப்பேன்’ என்ற இடத்தில் ஜெபா லேசாகச் சிரிப்பது உட்பட. வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு உண்மையான டைக்காரர் உண்மையான நாற்காலியில் சாய்ந்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அதே கேள்வியை இவளிடம் கேட்டார். அவளைப் பற்றி. தேடினாள். பிரின்ஸ்பால் இருந்தார், சார் இருந்தார், கண்டக்டர் இருந்தார், அந்த இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை, ஒரு நொடி வெறும் காலி, டைக்காரர் பேனாவை மூடப் போனார், அப்போது பின்னால் நின்றது முன்னால் நகர்ந்து வந்துவிட்டது. “என் அம்மா தீப்பெட்டி ஆபீஸில்” என்று இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். இவள் அம்மா ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறவள். வியர்த்த உள்ளங்கை, ‘சரிபார்ப்பேன்’, லேசான சிரிப்பு, எதுவும் விடவில்லை. டைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். எழுதிக்கொண்டார். இதை யாரிடமும் சொன்னதில்லை, இந்த லேப்பில் இப்போது, சத்தமில்லாமல், தனக்கே முதல் தடவை சொல்லிக்கொள்கிறாள், சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைப் பக்கம் பார்த்தாள், யாரோ கேட்டிருப்பார்கள் என்பது போல.

நேற்றுக் காலை தண்ணீர்க் குழாயடியில் ஜெபா பாட்டிலை நிரப்பிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள், “ஏட்டி, எல்லாரும் போனோம். நீ மட்டும் ஏன் போகல?” சாதாரணமாகத்தான் கேட்டாள். பேக்கப் ஓடிச்சுட்டி என்று சொல்லியிருக்கலாம், பாதி உண்மை. நான்தான்ட்டி என்று சொல்லியிருக்கலாம், முழுசு. வாயைத் திறந்தாள், வந்தது பிரின்ஸ்பால். “மாணவச் செல்வமே, கடமை என்பது” என்று தொண்டை தானாக ஓடியது. ஜெபா சிரிக்கவில்லை. பாட்டில் நிறைந்து வழிந்து கையில் கொட்டியது, மூடியைத் திருகினாள், அப்புறம்தான் திரும்பிப் பார்த்தாள். “நான் ஒங்கிட்ட கேட்டேன். அவர்ட்ட கேக்கல.” அவ்வளவுதான். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வாக்கியத்தை நேற்றிலிருந்து எத்தனை தடவையோ ஓட்டிப் பார்த்தாயிற்று, அது எந்தக் கட்டத்திலும் உட்கார மாட்டேன் என்கிறது. ஒங்கிட்ட. ஜெபா குரலில் அதைச் சொல்லிப் பார்க்கலாம் என்று உதட்டைக் குவித்தாள், குவித்த உதட்டை அப்படியே மூடினாள். மணி பன்னிரண்டு ஐம்பது. திரையில் அழகான பட்டியல், முப்பத்தொரு வரி, கடைசியில் பதினாலு. அழகுக்கு என்ன குறைச்சல். அவள் போட்ட நிபந்தனையின் மேல் குறியை வைத்து எழுத்தெழுத்தாக அழித்தாள். கோணல் வரி திரும்ப வந்து நின்றது, வந்த நேரம் ஒரு சின்னக் கோடு. இனி இதை நிமிர்த்த வேண்டும். மூன்றாவது துண்டு கிழமையின் பெயராக இருந்தால், அங்கே இடம் காலி என்று அர்த்தம். அங்கே ஒன்றை வை. மற்றவற்றை எல்லாம் ஆளுக்கு ஒரு கட்டம் பின்னால் அனுப்பு, அவரவர் இடத்துக்கு. எழுத மூன்று வரிகூட ஆகவில்லை. என்ன வைப்பது என்பதில்தான் விரல் நின்றது. பூஜ்யம் வைக்கலாம். கோடு வைக்கலாம். ‘சர்வர் அறை’ என்று அடித்தாள். ஓட்டினாள். முப்பத்திரண்டு வரிகள், நேராக. இரண்டு முப்பத்தொன்றுக்குக் கீழே இரண்டு ஐம்பத்திரண்டு. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள், திரை சூடாக இருந்தது. பழைய பிரின்டர் கிர்ர் கிர்ர் என்று ஒவ்வொரு வரியாகக் கத்தியது, அதையும் அவளுக்குச் செய்ய வரும், ஆனால் வாயை இறுக மூடிக்கொண்டு, கத்தி முடியும் வரை பக்கத்தில் நின்றாள். பட்டியல் சொல்லிவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது.

மாசிலாமணி சார் ஏலக்காய் டீ வாசனையோடு வந்தார், தாளை வாங்கினார், “ஆகா, அதாவது, இதுல்லா லிஸ்ட்டு” என்றார், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, போன நேரக் கட்டத்தின் மேல் கடகடவென்று இறக்கிக்கொண்டே போனார், இருபது, இருபத்தொண்ணு, இருபத்திரெண்டு, கடைசி வரிக்கு வந்து நின்றார். “இது என்ன, சர்வர் அறை, செண்பகவல்லி. ஏ கோட்டிக்காரி, இது நீ பேக்கப் எடுத்ததுலா, இத ஏன் சேத்த? இது கணக்குல வராது.” பேனா ஒரு வரி மேலே ஏறியது. “அதுக்கு முந்தி யாரு, ரெண்டு முப்பத்தொண்ணு, பதினாலு. ஜெபக்கனியா? அந்தப் புள்ளயா? பாக்க ஊமை மாதிரி இருக்கும்.” பேனா முனை பதினாலைச் சுற்றி வட்டம் போட இறங்கியது. சரியான பட்டியல் கொடுத்தாயிற்று, ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கிறது, இருந்தும் அவர் கண் முன்பு காலியாக இருந்த அந்தக் கட்டத்தைத் தாண்டி மேலே போய்விட்டது, இதற்கு எந்த ஸ்கிரிப்ட்டும் எழுத முடியாது. “நான்தான் சார் அனுப்பினேன்” என்றாள். ஒல்லியாக, கொஞ்சம் கரகரப்பாக, நடுவில் லேசாக உடைந்து ஒரு சத்தம் வந்தது. பழக்கமில்லாத தொண்டை. சார் நிமிர்ந்தார், முகம் மலர்ந்தது. “இது யாரு? நல்லா இருக்கே, புதுசா பிடிச்சிருக்க! அதாவது, இரு, சொல்லாத, நான் கண்டுபிடிக்கேன். மூணாம் வருசம் அந்த ஒல்லிப் புள்ளயா? இல்ல, ஆபீஸ்ல பீஸ் வாங்குத அக்காவா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். யுபிஎஸ் பீப் என்றது. இரண்டு வரிசை தள்ளி மின்விசிறி பிளாஸ்திரி ஒட்டிய நாற்காலிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் சிரித்து முடிக்கட்டும் என்று அவள் நின்றாள், மூக்கை உறிஞ்சினார், கண்ணைத் துடைத்தார், “சொல்லு, யாரு?” என்றார். அவள் அதே குரலில், அதே ஒல்லிக் குரலில், உடைந்த இடத்தில் மறுபடியும் உடைந்து, “யாரும் இல்ல சார். நான். அந்தப் புயல அனுப்பினது நான்தான்” என்றாள். சார் அவளைப் பார்த்தார். சிரிப்பு அவர் வாயிலேயே மிச்சமிருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி. அப்புறம் சிவப்புப் பேனா பதினாலை விட்டு ஒரு வரி கீழே இறங்கியது.